மைதானத்தின் திறப்பு யாரிட்ட இருக்கு?

"விளையாட்டின் நன்மைகள்" என்ற தலைப்பில் இதுவரைக்கும் எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நீங்களும் எழுதியிருப்பீர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று தொடங்கவேணும். பிறகு உடல் ஆரோக்கியம், உள ஆரோக்கியம், ஒற்றுமை, தலைமைத்துவம், வெற்றி தோல்வியைச் சமமாக ஏற்கும் மனப்பாங்கு. நடுவில் எங்கேயாவது ஒரு ஒலிம்பிக். கடைசியில் "எனவே நாமும் விளையாடி நாட்டுக்குப் பெருமை சேர்ப்போமாக". தரம் 10இல் நான் எழுதினதைத் தமிழ் ரீச்சர் வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினவா. நான் மைதானத்தில் கடைசியாக ஓடி அப்போது இரண்டு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சாதாரண தரத்துக்கு சுகாதாரமும் உடற்கல்வியும் பாடம் எடுத்தேன். ஏ வந்தது. கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். பெண்களுக்கான வலை 2.24 மீற்றர் உயரம். வலைப்பந்தாட்டத் திடல் 30.5 மீற்றருக்கு 15.25. ஒரு அணியில் ஏழு பேர், பந்தைக் கையில் மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இப்பவும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்தப் பந்து கையில் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. பந்து விளையாட்டு அறைக்குள் இருந்தது. அறைக்குப் பூட்டு. திறப்பு கிரிக்கெட் ரீமில் இருந்த ஒரு பொடியனிட்ட.

இதைச் சொன்னால் உடனே "உங்களை ஆர் விளையாட வேண்டாம் எண்டு சொன்னது?" என்று கேட்பார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை. அதுதான் இதில் இருக்கிற கெட்டித்தனம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. தரம் 7 மட்டும் பொடியளோடு சேர்ந்து ஓடித் திரிந்த நாங்கள், ஒவ்வொருத்தராகப் பெரிய பிள்ளை ஆகி, ஒரு மாதம் வீட்டில் நின்று திரும்பி வந்தபோது, உடற்கல்விப் பாடவேளையில் எங்களுக்கான இடம் வேப்பமரத்தடி ஆகியிருந்தது. பொடியளின் பைகளும் மணிக்கூடுகளும் எங்கள் மடியில். ஸ்கோர் எழுதுகிற கொப்பி என்னிடம், ஏனென்றால் என்ர கையெழுத்து நல்லம். பரீட்சை கிட்டினால் அந்தப் பாடவேளையையும் கணித சேர் எடுத்துவிடுவார். வருசத்துக்கொருக்கா இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். அப்போது மட்டும் நாங்கள் தேவை. இல்லம் சோடிக்க, உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு மூன்று கிழமை வெயிலில் நிற்க, பிரதம விருந்தினருக்கு மாலை போட. அவர் பேசுவார்: "ஆரோக்கியமான சமூகத்துக்கு விளையாட்டு அவசியம்." நாங்கள் கை தட்டுவோம்.

என்ர கோபம் பள்ளிக்கூடத்தோடு மட்டும் இல்லை, அந்தக் கட்டுரையோடும்தான். அந்தக் கட்டுரை பொய். விளையாட்டுக்கு நன்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. விளையாடுகிறவருக்குத்தான் அந்த நன்மை. விளையாட்டைச் சுற்றி நிற்கிறவருக்கு ஒரு மண்ணும் இல்லை. நாங்களோ சுற்றி நிற்கிறதையே விளையாட்டு என்று பழகிப்போனோம்.

சரி, விளையாட்டு என்றால் என்ன? பீடத்தில் பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் இது அடிக்கடி சண்டையாகும். சதுரங்கம் விளையாட்டா? போனில் ஆடுறது விளையாட்டா? வன்னியில் நடக்கிற மாட்டுவண்டிச் சவாரியில் விளையாடுறது மனிசனா மாடா? வியர்வை வந்தால்தான் விளையாட்டு என்பான் ஒருத்தன். அப்ப ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கணினி விளையாட்டுக்கும் பதக்கம் குடுத்தவங்களே என்பான் மற்றவன். இந்தச் சண்டை முடியாது. முடியவும் தேவையில்லை.

எனக்குப் பிடித்த விளக்கம் பேர்னாட் சூட்ஸ் என்ற மெய்யியலாளருடையது. 1978 இல் வந்த புத்தகத்தில் அவர் சொல்லுவதை என்ர பாசையில் சொன்னால் இப்படி: தேவையே இல்லாத ஒரு தடையை நாங்களாகவே விரும்பி முன்னால் வைத்துக்கொண்டு அதைத் தாண்டப் பார்க்கிறதுதான் விளையாட்டு. யோசித்துப் பாருங்கள். 400 மீற்றர் ஓடுகிறவர் தொடங்கின இடத்துக்கே திரும்பி வருகிறார். ஓடாமல் நின்றிருந்தாலும் அங்கேதான் நின்றிருப்பார். வலைப்பந்தில் வளையத்துக்குள் பந்து போடுவதுதான் நோக்கம் என்றால் ஒரு ஏணியைக் கொண்டுவந்து வைக்கலாம். கிளித்தட்டில் மற்றப் பக்கம் போகவேணும் என்றால் கோட்டுக்கு வெளியால் சுற்றி நடந்து போகலாம், ஒருத்தரும் தொடமாட்டினம். ஆனால் நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம். கோட்டுக்குள்ளேதான் போவோம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம். அந்த ஒத்துக்கொள்ளலில்தான் விளையாட்டு பிறக்கிறது. பயன் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

எனக்கு இது புத்தகத்தில் வாசிக்க முதலே தெரியும். 2009 இல் எனக்கு ஆறு வயது. செட்டிகுளம் முகாம். தறப்பாள் கொட்டில்கள், தண்ணிக்கு லைன், லைனில் ஆளுக்குப் பதிலாக நிற்கிற கான்கள். அந்தப் புழுதியில் ஆரோ தடியால் பெட்டி பெட்டியாகக் கோடு கீறிவிட, பின்னேரங்களில் கிளித்தட்டு நடக்கும். பந்து வேண்டாம், வலை வேண்டாம், சப்பாத்து வேண்டாம். அங்கே இருந்தவர்களிடம் வேறு எதுவும் இருக்கவும் இல்லை. ஒருநாள் அம்மாவும் இறங்கினவா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளியாக நின்று, நடுக்கோட்டில் ஓடி ஓடி எல்லாரையும் மறித்தவா. அம்மா சிரித்தது எனக்கு வடிவாக ஞாபகம் இருக்கு. அந்த வருசத்தில் வேறு எங்கேயும் அவ சிரித்து எனக்கு ஞாபகம் இல்லை. முகாமை நான் அழகாக்கிச் சொல்லவில்லை. அது என்ன இடம் என்று போய் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வளர்ந்த ஒரு பெண், ஊர்ப் பொம்பிளை, எல்லாரும் பார்க்க ஓடி விளையாடினதை நான் பார்த்தது அங்கே மட்டும்தான். ஊருக்குத் திரும்பி வந்து வீடு, வேலி, படலை எல்லாம் வந்தபிறகு அம்மா ஓடினதே இல்லை.

ஒத்துக்கொள்ளல் என்று சொன்னேன். யார் ஒத்துக்கொள்வது, யார் சொல்வது எடுபடும் என்பதில்தான் பிரச்சினையே. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டரல் ஹெயார் முரளிதரனின் பந்தை ஏழு தடவை நோபோல் என்றார். எறிகிறார், வீசவில்லை என்பது குற்றச்சாட்டு. (முரளியின் அரசியல் பற்றி எங்களுக்குள் நடக்கிற சண்டையை இதற்குள் கொண்டுவரவேண்டாம், பிளீஸ்.) பிறகு ஆய்வுகூடங்களில் வைத்து அளந்தபோது, சுத்தமாக வீசுகிறார்கள் என்று நம்பியிருந்த பலரின் முழங்கையும் கொஞ்சம் நிமிர்வது தெரியவந்தது. 2005 இல் எல்லாருக்கும் 15 பாகை என்று எல்லை வைத்தார்கள். 2010 இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு முரளி டெஸ்டிலிருந்து விடைபெற்றார். சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை, மாற்றலாம் என்று அந்தக் கதை காட்டுகிறது. ஆனால் மாற்றுவதற்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் சபையும் ஒரு நாடும் நின்றது.

இன்னொரு கதை. 2006 டோஹா ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான 800 மீற்றரில் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி எடுத்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வறுமைப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர். பிறகு ஒரு பாலினப் பரிசோதனை. நீ பெண் இல்லை என்று பதக்கத்தைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். முழங்கைக்கு 15 பாகை கொடுக்கத் தெரிந்த விளையாட்டு உலகத்துக்கு, இந்த உடம்புக்கு எத்தனை பாகை கொடுக்கலாம் என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. சாந்திக்குப் பின்னால் அப்படி நிற்க ஆளும் இருக்கவில்லை. ஆக, யாருக்குப் பின்னால் ஆள் இருக்கோ அவருக்குக் கோடு கொஞ்சம் நகரும். டோஹாவிலும் அப்படித்தான், எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறை வாசலிலும் அப்படித்தான்.

இனிப் பெரிய மட்ச்சுக்கு வருவோம். கல்லெறி வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 இல் தொடங்கினது "வடக்கின் பெரும் போர்". பரி. பத்திரிசியாருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் "பொன் அணிகளின் போர்". மாசி, பங்குனி வந்தால் பேப்பரைத் திறக்க ஒரே போர். பிரித்தானியன் தன் பள்ளிக்கூடங்களில் வைத்திருந்ததைக் கொழும்புக் கல்லூரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரதி பண்ண, அதைப் பார்த்து நாங்களும் பிரதி பண்ணினோம். அதில் பிழையில்லை, நல்ல விளையாட்டு எங்கேயிருந்து வந்தாலும் நல்லதுதான். ஆனால் போர் என்ற சொல்லை வாயில் எடுக்கவே பயந்த சனம் நாங்கள். செல் விழுந்த சத்தம் கேட்டு வளர்ந்த வீடுகளில், இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பந்தடிக்கிறதைப் போர், சமர், களம், வெற்றிவாகை என்று எழுதுவது எப்படிக் கை கூசாமல் வருகிறது? ஆங்கிலத்தில் பட்டில் என்றிருந்ததை அப்படியே இறக்கினது என்று சொல்வார்கள். சரி, இறக்கினவர் ஒருதரம் யோசித்திருக்கலாம்.

நான் இந்தப் போட்டிகளை வெறுக்கவில்லை. குழப்பமான காலங்களிலும் இவற்றை நடத்திக்காட்டவேணும் என்று நின்ற மனிதர்களை மதிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து லீவெடுத்து வந்து, பழைய வாங்கில் இருந்து, கூடப் படித்தவனின் பட்டப்பெயரைக் கத்திக் கூப்பிடுகிற ஐயாமாரைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள். உள்ளே இருபத்திரண்டு பேர். வெளியே ஆயிரக்கணக்கில். அந்த இருபத்திரண்டு பேருக்கு வலைப்பயிற்சி, பயிற்றுநர், சீருடை, பழைய மாணவர் சங்கத்துக் காசு. அதே பள்ளிக்கூடங்களில் படிக்கிற மற்றப் பொடியனுக்கு என்ன? தரம் 6இல் ஒரு தெரிவுப்போட்டி வைப்பார்கள். அதில் மெதுவாக ஓடினவன், கொஞ்சம் உடம்பு வைத்தவன், சப்பாத்து இல்லாதவன் எல்லாம் பன்னிரண்டு வயதிலேயே பார்வையாளன் ஆகிவிடுகிறான். அவனுக்கு மிஞ்சுவது பப்பரப்பா ஊதுகிறதும் றோட்டில் கொடி பிடிக்கிறதும்தான். பெரிய மட்ச் முடிந்து வாற அடிபிடி பற்றி, குடி பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், பொலிஸ் போடச் சொல்கிறார்கள். உடம்பால் விளையாட விடாமல் வைத்திருந்த பிள்ளை உடம்பை வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவான் என்று நான் கேட்கிறேன்.

கிரிக்கெட் பற்றி மட்டும் இன்னொன்று. இந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது இரண்டே பதக்கம். 1948 இல் டங்கன் வைற், 2000 இல் சுசந்திகா ஜயசிங்க. இரண்டும் ஓட்டம். எங்கட நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 ரோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து எடுத்ததுதான் இலங்கையின் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம். மத்திய கல்லூரிப் பிள்ளை. என்ர வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆர் எத்தனை ஓட்டம் என்று பிறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

பெண்களில் வென்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அதைத்தான் எங்கள் முகத்தில் தூக்கிப் போடுவார்கள். "தர்ஜினி விளையாடேல்லையா?" தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 208 சென்ரிமீற்றர் உயரம், 2009 இலும் 2018 இலும் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் எடுத்த அணிகளில் இருந்தவர். பெருமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆறடி தாண்டிய பெட்டையை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கிண்ணம் வந்தபிறகு "எங்கட பிள்ளை" என்கிற வாய், கிண்ணத்துக்கு முதல் என்ன சொல்லும்? ஒருத்தி உலகத் தரத்துக்குப் போனதைக் காட்டி, மற்ற ஆயிரம் பேர் மரத்தடியில் இருப்பதை நியாயப்படுத்த முடியாது. எனக்குப் பதக்கம் வேண்டாம். கெட்டித்தனம் இல்லாமல், தோற்றுக்கொண்டே, நாற்பது வயது மட்டும் விளையாடுகிற உரிமை வேணும். அதுதான் பொடியளுக்குக் கேட்காமலே கிடைத்திருக்கு. ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் பின்னேரம் கரப்பந்து அடிக்கிற அண்ணாமாரில் எத்தனை பேர் தேசிய வீரர்? ஒருத்தரும் இல்லை. வேலை முடிந்து வந்து, சறத்தை மடித்துக் கட்டி, சத்தம் போட்டு விளையாடிவிட்டுப் போகிறார்கள். அதுதான் விளையாட்டு. அதில் பெண்களுக்குப் பங்கில்லை.

அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் சீனி வருத்தம் வந்தது. டொக்டர் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னவர். அம்மா விடிய ஐந்தரைக்கு, இருட்டோடு, சப்பாத்தைக் கையில் கொண்டுபோய் றோட்டில் ஏறின பிறகு போட்டுக்கொண்டு நடந்தவா. ஏன் என்று கேட்டதற்கு "ஆரும் கேட்டா டொக்டர் சொன்னவர் எண்டு சொல்லலாம், ஆனா கேக்க முதலே வந்திட்டா நல்லம்தானே" என்றா. கடைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, சும்மா நடக்க ஒரு பொம்பிளைக்கு மருந்துத் துண்டு வேணும். 2023 இல் முள்ளியவளையைச் சேர்ந்த எழுபது வயது தாண்டின அம்மா ஒருவர் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் எடுத்தபோது ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. நானும் பகிர்ந்தேன், இதயம் போட்டேன். பிறகுதான் யோசித்தேன், எங்களுக்கு ஏன் இது இவ்வளவு அதிசயமாக இருக்கு?

எதிர்க்கேள்விகள் எனக்குப் பாடம். உடுப்பு? நீளக் காற்சட்டையோடு விளையாடலாம், தலையை மூடிக்கொண்டும் விளையாடலாம். உடுப்பு ஒரு சாட்டு. படிப்பு? ரியூசனுக்கு வாரத்தில் ஆறு நாள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம் பாரமா? பாதுகாப்பு? மைதானத்தில் பெண்கள் நிறைய நின்றால் மைதானம் பாதுகாப்பாகும், வேறு வழி எனக்குத் தெரியாது. "பெட்டையளுக்கே விருப்பமில்லையே" என்பதுதான் கஷ்டமான கேள்வி. உண்மை, பலருக்கு விருப்பமில்லை. எனக்கும் இல்லாமல்தான் போனது. எட்டு வருசம் வேப்பமரத்தடியில் இருந்தவளிடம் திடீரென்று பந்தை நீட்டினால் அவள் பின்னுக்குத்தான் போவாள். ஓடுகிறபோது தன் உடம்பு எப்படித் தெரியும் என்ற யோசனை கால்களுக்கு முதல் ஓடும்.

இதைக் கம்பஸில் வைத்துத்தான் கண்டுகொண்டேன். போன தவணை நாங்கள் ஐந்து பேர் ஒரு பந்தோடு மைதானத்துக்குப் போனோம். போய் நின்றதும் விளையாடிக்கொண்டிருந்த பொடியள் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கெட்ட பார்வை இல்லை, பஸ் பாதை மாறி வந்தால் பார்க்கிற பார்வை. ஒரு தம்பி வந்து மரியாதையாகத்தான் கேட்டான்: "அக்கா, எவ்வளவு நேரம் நிப்பியள்?" நான் பதில் சொல்ல முதலே எங்களில் ஒருத்தி "பத்து நிமிசம்" என்றாள். அவனிடம் நாங்கள் ஏன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை என்று விடுதிக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அடுத்த கிழமை போனபோது கேட்டோம். அவன் சிரித்துவிட்டு ஒரு மூலையை விட்டுத் தந்தான். அந்த மூலையில் புல்லை விடக் கல்லுத்தான் கூட.

கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானத்தில் அரைவாசியும், வலைப்பந்துக் கம்பங்கள் இருக்கிற அறையின் திறப்பும் வேணும் என்று கடிதம் குடுத்திருக்கிறோம். 43 பேர் கையெழுத்து. பதில் இன்னும் இல்லை. ஒரு விரிவுரையாளர் "எந்தப் போட்டிக்குத் தயாராகிறியள்?" என்று கேட்டார். ஒன்றுக்கும் இல்லை சேர் என்றோம். "அப்ப எதுக்கு?" என்றார். அவர் கெட்ட மனிசன் இல்லை, உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. அவரும் அந்தக் கட்டுரையைப் பதினெட்டுப் புள்ளிக்கு எழுதினவராகத்தான் இருப்பார்.

பந்து காற்றுப் போன அன்றைக்கு மூலையில் தடியால் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடினோம். பதினொரு பேர், ஒருத்திக்கு முழங்கால் உரஞ்சுப்பட்டது. இரவு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஆர் வெண்டது என்று அவ கேட்கவில்லை.

"கிளியா நிண்டது ஆர்?" என்று கேட்டா.

செவ்வாய், வியாழன், பின்னேரம் நாலரை. ஓடத் தெரியாதவையும் வரலாம். பந்து இருந்தால் கொண்டுவாங்கோ, எங்கடது இன்னும் ஒட்டேல்லை.